மூணாம் நம்பர் கூண்டும் பத்தொன்பது பேரும்

இப்போல்லாம் புயல் வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே கையில இருக்கற போனு அலற ஆரம்பிச்சுடுது. டிவியைப் போட்டா கடல் மேல சுருள் சுருளா கலர் அடிச்சுக் காட்டறாங்க. அதைப் பார்த்துட்டு என் பொண்ணு "நாளைக்கு லீவாம்மா?"ன்னு கேக்கறா. என் வயசுக்காரங்க நீங்களே சொல்லுங்க, நமக்கு யாரு இதெல்லாம் காட்டினாங்க? முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கற நம்ம செட்டுக்குப் புயல்னா ரேடியோதான். செய்தி வாசிக்கறவரு "வங்கக் கடலில்"னு ஆரம்பிச்சா தெருவே வாயை மூடிக்கும்.

அதுலயும் நாங்க திருவண்ணாமலைக்காரங்க. கடலைப் பார்க்கணும்னா பஸ்சுல மூணு மணி நேரம் குலுங்கணும். எங்களுக்கு என்ன புயலு? ரேடியோவுல லீவு விட்ட ஜில்லா பேரையெல்லாம் வரிசையா படிப்பாங்க. எங்க ஜில்லா அப்போதான் புதுசா பொறந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருந்துச்சு, அதைப் படிக்கவே மாட்டாங்க. நான் கடைசி வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். செய்தி முடிஞ்சு வயலும் வாழ்வும் பேச ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் என்ன, பையைத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட எங்க வீட்டுக்குத்தான் ஒரு கார்த்திகை மாசம் ஒரு நோஞ்சான் புயலு பத்தொன்பது பேரை அனுப்பி வெச்சுச்சு. நான் அப்போ ஆறாங்கிளாஸ்.

முதல்ல பெரியப்பாவைச் சொல்லிடறேன். எங்க அம்மாவோட அக்கா புருஷன். கடலூர்ப் பக்கம் கடலை ஒட்டின தெரு அவங்களுக்கு. பெரியப்பா துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க, மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு கேட்டிருப்பீங்களே, அந்தப் புயல் கூண்டைக் கயித்துல கட்டிக் கம்பத்துல ஏத்தின கை அவரோட கை. நம்பர் ஏற ஏற ஆபத்து ஜாஸ்தின்னு அர்த்தம். எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? கூண்டுன்னா நான் பார்த்தது கிளி ஜோசியக்காரர் கூண்டு ஒண்ணுதான். புயலைப் புடிச்சு அதுக்குள்ள போட்டு மேல தூக்கிடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். "எங்க பெரியப்பா பதினோரு புயலைப் புடிச்சிருக்காரு"ன்னு கிளாஸ்ல சொல்லி ஒரு வாரம் மெதப்புல திரிஞ்சேன். டீச்சர் கூப்பிட்டு விசாரிச்சதும் மெதப்பு எறங்கிடுச்சு.

எங்க அப்பா கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கு. பெரியப்பாவைக் கண்டா அவருக்கு வாய் நிக்காது. "என்ன சகலை, கூண்டைத் தூக்கித் தூக்கி ஒரு தோளு மேல போயிடுச்சே?"ம்பாரு. பெரியப்பா சளைச்சவரு இல்ல. எங்க மலையை அண்ணாந்து பார்த்துட்டு, "இவ்ளோ உசரத்தைச் சும்மா வெச்சிருக்கீங்களே, மேல ஒரு கூண்டு ஏத்தத் துப்பில்லையே உங்க ஊருக்கு?"ம்பாரு. மலை மேல தீபம் ஏத்தற ஊர்ல வந்து பேசற பேச்சா இது? அம்மா உள்ளயிருந்து கன்னத்துல போட்டுக்குவாங்க.

அந்த வருஷம் தீபம் முடிஞ்சு ரெண்டு வாரம். வந்த ஜனம் எல்லாம் போயி ஊரு அப்பத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் பள்ளிக்கூடம் விட்டு வர்றேன், எங்க வீட்டு வாசல்ல ஒரு லாரி நிக்குது. ஐஸ் கட்டி ஏத்தற லாரி. தெரு முழுக்க மீன் வாசனை. பெரியப்பா முன்னாடி சீட்லருந்து எறங்கி கை காட்டிக்கிட்டு இருக்காரு, பின்னாடியிருந்து ஆளுங்க எறங்கிக்கிட்டே இருக்காங்க. பெரியம்மா எறங்கினாங்க. ஒரு டிவி போர்வைக்குள்ள எறங்குச்சு. காலு கட்டின கோழி ரெண்டு எறங்குச்சு. கடைசியா நாலு பேரு சேர்ந்து ஒரு கதவை எறக்கினாங்க.

ஆமாங்க, கதவு. நெலைக்கதவு. தேக்கு. அது லாரிக்காரரோட கதவு. அவரு பெரியப்பா தெருவுலயே ஐஸ் கம்பெனி வெச்சிருக்கறவரு, எல்லாரும் ஐஸ்காரர்னுதான் கூப்பிடுவாங்க. போன மாசம்தான் அந்தக் கதவைச் செஞ்சு போட்டிருக்காரு. புயல் அடிச்சா முதல்ல பிச்சுக்கிட்டுப் போறது கதவுதான்னு பெரியப்பா சொல்லியிருக்காரு. இவரு கீல் கழட்டி லாரில ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. அப்பா அதைப் பார்த்துட்டு ரொம்ப மரியாதையா கேட்டாரு: "ஏங்க, கதவு இங்க வந்துடுச்சு. வீடு?"

"வீடு அங்கதான் சார் இருக்கு."

"தொறந்தா?"

ஐஸ்காரர் முகம் அப்பத்தான் மாறுச்சு. அவரு அதை யோசிக்கவே இல்ல போலிருக்கு.

பெரியப்பா அப்பாவை ஓரமா கூட்டிட்டுப் போனாரு. "கம்பத்துல மூணாம் நம்பர்தான் ஏத்தியிருக்கான் சகலை. ஆனா இது மூணு இல்ல. காத்து சுத்தற விதம் எனக்குத் தெரியாதா? இது ஏழுக்குப் போகும். ரெண்டே நாளு. எங்க போவேன் இவங்களைக் கூட்டிக்கிட்டு? உன் வீடுதான் ஞாபகம் வந்துச்சு." எங்க வீடு என்ன மாளிகையா? ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு ரூம்பு, ஒரு சமையக்கட்டு, பின்னாடி ஒரு கெணறு. அப்பா வாயைத் தொறந்து, மூடி, "உள்ள வாங்க"ன்னாரு. அவரு கிண்டல்காரர்தான், கெட்டவரு இல்ல.

அடுத்த பிரச்சனை பக்கத்துல ஒட்டினாப்ல இருந்த மாடி வீட்டுலருந்து வந்துச்சு. வீட்டுக்காரர். நெத்தி நெறைய விபூதி, கையில எப்பவும் ஒரு துண்டு. அஞ்சு பேருக்கு மேல தங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வீடே குடுத்திருந்தாரு. புது ஜில்லாவாகி ஆபீசெல்லாம் வந்ததுல வாடகை வீடு கெடைக்கறது குதிரைக்கொம்பா இருந்த காலம் அது. படியில பாதி எறங்கி நின்னுக்கிட்டு எண்ணினாரு. விரல் பத்தல.

"யாரு சார் இவங்கள்லாம்?"

புயலுக்குப் பயந்து வந்திருக்காங்கன்னு சொல்லியிருந்தா தேவலை. அப்பாவுக்கு அந்த நேரத்துல என்ன தோணுச்சோ, "கிரிவலத்துக்கு வந்திருக்காங்க சார்"னுட்டாரு.

"கிரிவலமா? தீபம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. பௌர்ணமிக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. இது என்ன நடுவுல?"

"கூட்டம் இல்லாம நிம்மதியா சுத்தலாம்னு..."

வீட்டுக்காரர் கண்ணு அப்படியே கலங்கிப்போச்சு. ரெண்டு கையையும் கூப்பினாரு. "இதுதான் சார் பக்தி. கூட்டத்துல எவன் வேணா சுத்துவான். நாளைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன். எட்டு லிங்கத்தையும் நின்னு நிதானமா காட்டறேன். யாரும் காலுல செருப்பு போடக் கூடாது." சொல்லிட்டு, கோழியைப் பார்த்தாரு. "இதுவும் சுத்துமா?"ன்னு கேட்டுட்டு மேல போயிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அது கிண்டலா நெசமான்னு எனக்குத் தெரியல.

பதினாலு கிலோமீட்டர். அப்பா திரும்பி ஜனத்தைப் பார்த்தாரு. ஜனம் அப்பாவைப் பார்த்துச்சு. ஐஸ்காரர் மட்டும், "உயிர் பொழைக்க ஓடி வந்தா நடந்தே கொன்னுடுவாங்க போலிருக்கே"ன்னாரு.

சாயந்திரம் ரேடியோவைச் சுத்தி எல்லாரும் உக்காந்தோம். கதவைத் தரையில போட்டு அதுமேல பசங்களைப் படுக்க வெச்சிருந்தாங்க. நல்ல வழவழப்பு, இன்னும் வார்னிஷ் வாசனை போகல. பெரியப்பா ரேடியோ பக்கத்துல காதை ஒட்ட வெச்சுக்கிட்டு இருந்தாரு. மத்தியானம் வரைக்கும் புயல்னு சொல்லிக்கிட்டு இருந்தது இப்போ "புயல் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக"ன்னு ஆயிடுச்சு. அடுத்த செய்தியில 'ஆழ்ந்த' போயிடுச்சு, வெறும் மண்டலம்தான். அப்பாவால அடக்க முடியல. "டிமோஷன் மேல டிமோஷனா போகுதே சகலை. ராத்திரிக்குள்ள சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க போலிருக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க. பெரியப்பா சிரிக்கல. "போக்குக் காட்டுது. கிட்ட வந்து எழும்பும் பாரு"ன்னாரு. எனக்கு அப்போ அவரு மேல செம கடுப்பு. தன் ஊரை அடிச்சு நொறுக்கணும்னு ஒரு மனுஷன் வேண்டுவானா? வீம்பு புடிச்ச ஆளுன்னு நெனச்சேன். அப்பாவும் அப்படித்தான் நெனச்சாரு.

ஐஸ்காரர் மட்டும் எழுந்து கடைத்தெருவுல இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினாரு, நானும் பின்னாலயே ஓடினேன். கண்ணாடி ரூம்புக்குள்ள அவரு போன்ல கத்தினது ரோடு வரைக்கும் கேட்டுச்சு. அந்தத் தெருவுல கெளம்பாம இருந்த யாரோ ஒருத்தர்கிட்ட பேசினாரு. "காத்து அடிக்குதா?... அடிக்கலையா? மழை?... என்னது, துணி காயப் போட்டிருக்கீங்களா?... யோவ், என் வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் போய் நில்லுய்யா. ஏன்னா? கதவு இல்லய்யா! கதவு இங்க இருக்குய்யா!" பூத்துக்காரர் என்னைப் பார்த்து, "உங்க சொந்தமா?"ன்னு கேட்டாரு. நான் இல்லன்னுட்டேன்.

திரும்பி வந்தப்போ அம்மாவும் பெரியம்மாவும் சமையக்கட்டுல ரசத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாங்க. பத்தொன்பது பேருக்கு ரசம்னா தண்ணிதானே கை குடுக்கும். நான் வெல்ல டப்பா பக்கத்துல சத்தமில்லாம உக்காந்துக்கிட்டேன். அப்பத்தான் பெரியம்மா சொன்னது காதுல விழுந்துச்சு.

நாலு வருஷம் முன்னாடி ஒரு புயலு. அப்போ பெரியப்பா வேலையில இருந்தாரு. எதிர்வீட்டுக்காரரு வந்து, "அண்ணே, வலை கடல்ல கெடக்கு, போய் எடுத்துட்டு வந்துடட்டுமா?"ன்னு கேட்டிருக்காரு. கம்பத்துல இருந்தது சின்ன நம்பர்தான். பெரியப்பாவும் வானத்தைப் பார்த்துட்டு, "ஒண்ணும் ஆகாது, திரும்பிடும், போயிட்டு வா"ன்னுட்டாரு. புயலு திரும்பல. போனவரும் திரும்பல.

"அன்னிலருந்து இவரு வானத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லடி"ன்னாங்க பெரியம்மா. "இந்தத் தடவைதான் வாயைத் தொறந்தாரு. வீடு வீடா போயி கதவைத் தட்டி, கால்ல விழாத குறையா கூட்டியாந்திருக்காரு. புயலு வந்துட்டா வீடு போயிடும். வரலன்னா இந்த மனுசன் போயிடுவாரு. அந்தத் தெருவுல இனிமே இவரு பேச்சை எவன் கேப்பான்? எதை வேண்டிக்கறதுன்னே தெரியலடி எனக்கு."

அம்மா கரண்டியை வெச்சுட்டு அக்கா கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நான் வெல்லத்தை முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம உக்காந்திருந்தேன்.

அந்த எதிர்வீட்டுக்காரரோட சம்சாரம், எதிர்வீட்டு அக்காவும் எங்க கூடத்துலதான் இருந்தாங்க. மூலையில ஒரு தையல் மிஷினை அணைச்ச மாதிரி உக்காந்திருந்தாங்க. வந்ததுலருந்து யாரு கூடவும் பேசல. லாரில முதல்ல ஏறினது அவங்கதானாம். பெரியப்பா அவங்க இருக்கற பக்கம் திரும்பவே இல்ல. தண்ணி குடிக்கணும்னாகூட கூடத்தைச் சுத்திக்கிட்டுப் போனாரு.

காலைல ஆறு மணிக்கு வீட்டுக்காரர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ரெடி. "அரோகரா"ன்னாரு. பத்தொன்பது பேரும் கொட்டாவியோட "அரோகரா"ன்னாங்க. அப்பா ஆபீசுக்கு லீவு, நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு. கலெக்டர் விடலன்னா என்ன, கிரிவலம் விட்டுச்சு. அம்மா மட்டும் சமைக்கணும்னு வீட்டுல நின்னுட்டாங்க. கூடத்துல நடக்க வழி வேணும்னு ஆம்பளைங்க அந்தக் கதவை ரெண்டு ஸ்டூல் மேல தூக்கி வெச்சு, சாமானை அதுமேல ஏத்திட்டுத்தான் கெளம்பினாங்க. வானம் மூடிக்கிட்டு இருந்துச்சு, ஆனா காத்தே இல்ல. பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்க்கறதும் குனியறதுமா வந்தாரு.

மணல்ல நடந்த காலுங்க அதெல்லாம். எங்க ஊரு ரோட்டு ஜல்லி அவங்க காலைப் பதம் பார்த்துடுச்சு. செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்கிட்ட ஒரு வெள்ளைக்காரரு வெறுங்காலோட விறுவிறுன்னு எங்களைத் தாண்டிப் போனாரு. "அவனுக்குக் காலு இரும்பா?"ன்னு ஐஸ்காரர் நொண்டிக்கிட்டே கேட்டாரு. வீட்டுக்காரர் விடல. ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் நிறுத்தி, இதைக் கும்பிட்டா என்ன கெடைக்கும்னு கதை சொன்னாரு. யாரும் என்ன கெடைக்கும்னு கேக்கல. எப்ப உக்காரலாம்னுதான் கேட்டாங்க.

வருண லிங்கத்துக்கிட்ட வந்தோம். "இவருதான் மழைக்கு அதிபதி"ன்னாரு வீட்டுக்காரர். அவ்ளோதான். அத்தனை பேரும் ஒண்ணா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாங்க. ஐஸ்காரர் கும்பிட்ட கையை எறக்காமலே, "இவருகிட்ட முதல்லயே ஒரு வார்த்தை விசாரிச்சிருந்தா என் வீட்டுக்கு இந்நேரம் கதவு இருந்திருக்கும்"னாரு. குபீர்னு சிரிப்பு. வீட்டுக்காரருக்கு ஒண்ணும் புரியல. பக்தியில சிரிக்கறாங்கன்னு நெனச்சு அவரும் சேர்ந்து சிரிச்சாரு.

அங்கருந்து நூறு அடி போயிருக்க மாட்டோம். புளியமரத்து மேல சடசடன்னு ஒரு சத்தம். என்னன்னு அண்ணாந்து பார்க்கறதுக்குள்ள கொட்டிடுச்சு. மழையா அது? மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மலை காணாம போயிடுச்சு. முன்னாடி போற ஆளு முதுகு தெரியல. ரோடு ஓரமெல்லாம் செகப்புத் தண்ணி ஓடுது, புளிய இலை மூஞ்சியெல்லாம் ஒட்டிக்குது. ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு ஓடி, அடி அண்ணாமலையில ரோட்டோரம் இருந்த ஒரு பழைய கல் மண்டபத்துக்குள்ள பூந்தோம். உள்ள ஏற்கெனவே ரெண்டு எருமை மாடு நின்னுக்கிட்டு இருந்துச்சு. நகர்ந்து இடம் குடுக்கல.

பக்கத்து டீக்கடையில ரேடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு. தாழ்வு மண்டலம் காத்து எதுவும் இல்லாம கரையைத் தாண்டிடுச்சாம். கடலோரத்துல லேசான தூறலாம். இப்போ உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து அங்க பலத்த மழை பெய்யுதாம். பத்தொன்பது பேரும் தலையில தண்ணி சொட்டச் சொட்ட அதைக் கேட்டாங்க.

"அப்படின்னா," ஐஸ்காரர் மெதுவா ஆரம்பிச்சாரு, "நம்ம வீட்டுல நனையாம இருந்திருக்க வேண்டியவங்க, நூறு கிலோமீட்டர் லாரில வந்து, நடந்து, தேடிப் போயி நனைஞ்சிருக்கோம். புயலு பாவம், நம்மளக் காணோமேன்னு பின்னாலயே வந்திருக்குய்யா!"

சிரிச்சாங்க பாருங்க. வயித்தைப் புடிச்சுக்கிட்டு, எருமை மேல சாஞ்சுக்கிட்டு சிரிச்சாங்க. ஏழாம் நம்பருன்னு ஒருத்தர் கத்தினாரு. அடுத்த தடவை காஷ்மீருக்குப் போலாம்னாரு இன்னொருத்தர். எங்க அப்பாவும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், பொய் எதுக்கு. முதல் நாளு சமையக்கட்டுல கேட்டதெல்லாம் கேட்டும் சிரிச்சேன். பதினோரு வயசுக்கு அவ்ளோதான் புத்தி.

வீட்டுக்காரர்தான் சிரிக்காம அப்பாவைப் பார்த்தாரு. "புயலா? அப்போ கிரிவலத்துக்கு வரலையா இவங்க?"

அப்பா ஈரத் தலையைச் சொறிஞ்சாரு. "வந்தது புயலுக்கு சார். சுத்தறது கிரிவலம்தானே சார்?"

வீட்டுக்காரர் துண்டைப் புழிஞ்சு தலையைத் துவட்டிக்கிட்டு, "பொய் சொல்லிச் சுத்தினாலும் சுத்தினது சுத்தினதுதான். பாதியில விட்டாத்தான் பாவம். மழை விட்டதும் மிச்சத்தை நடங்க"ன்னாரு. வீட்டைக் காலி பண்ணச் சொல்வாருன்னு அப்பா நடுங்கிக்கிட்டு இருந்தாரு. அப்படி ஒரு மனுஷனை நாங்க அத்தனை வருஷமா சிடுமூஞ்சின்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம்.

அந்தச் சத்தமெல்லாம் அடங்கினப்போ பெரியப்பா எழுந்து நின்னாரு. சட்டை உடம்போட ஒட்டிக்கிட்டு, தோளு ஒரு பக்கம் ஏறி, ரொம்பச் சின்னதா தெரிஞ்சாரு.

"என் தப்புதான்"னாரு. "எல்லாரையும் அலைய விட்டுட்டேன். இனிமே வானத்தைப் பத்தி நான் வாயத் தொறந்தா செருப்பால அடிங்க."

ஐஸ்காரர்கூட, "அட, விடுங்க பெரியவரே, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்"னு முனகினாரு. பெரியப்பா காதுல அது விழுந்த மாதிரி தெரியல. மழை விட்டு மிச்சத்தை நடந்தப்போ, வாயு லிங்கத்துக்கிட்ட வீட்டுக்காரர் "இவரு காத்துக்கு..."ன்னு ஆரம்பிச்சு, பெரியப்பா மூஞ்சியைப் பார்த்துட்டு, "எல்லாரும் கும்பிட்டுக்கோங்க"ன்னு முடிச்சுக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்தா, ஓடு ஒழுகி, வாசல் தண்ணியும் உள்ள பூந்து, கூடத்துல கணுக்கால் தண்ணி. நடுவுல ரெண்டு ஸ்டூல் மேல அந்தத் தேக்குக் கதவு. அதுமேல அரிசி மூட்டை, டிவி, தையல் மிஷினு, ரெண்டு கோழி, எங்க அம்மா. காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, "எங்கடா போனீங்க எல்லாரும்? கடல் இங்க வந்துடுச்சு"ன்னு கத்தினாங்க. கடல்காரங்க ஒரு நிமிஷம் நிக்கல. சட்டி பானை எடுத்துக்கிட்டு எறங்கிட்டாங்க. அரை மணி நேரத்துல கூடத்தைத் தண்ணியில்லாம இறைச்சுத் தள்ளிட்டு, எதிர்ச்சாரி வீட்டுக்கும் போய் இறைச்சுக் குடுத்தாங்க. ஐஸ்காரர் மட்டும் கதவை விட்டு நகராம, "பார்த்தீங்களா, தேக்குங்க"ன்னு எல்லார்கிட்டயும் தட்டித் தட்டிக் காமிச்சாரு.

பெரியப்பா அன்னிக்கு ராத்திரி ரேடியோ பக்கமே வரல. சாப்பாட்டுல கை வெச்சுட்டு எழுந்துட்டாரு. கெணத்தடியில தனியா உக்காந்திருந்தாரு. அப்பா போய்க் கூப்பிட்டுப் பார்த்தாரு. கிண்டலா ஏதோ சொல்லப் போயி, வாய் வராம திரும்பி வந்துட்டாரு.

மறுநாள் காலைல லாரி கெளம்பிச்சு. நல்ல வெயில். சாமான் ஏத்தறாங்க, கோழியை ஏத்தறாங்க. எங்க ரேடியோ பாட்டுக்கு உள்ள பேசிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு "அந்தமான் அருகே புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி"ன்னு அதுல வந்துச்சு. ஏத்திக்கிட்டு இருந்த கையெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. எல்லார் தலையும் பெரியப்பா பக்கம் திரும்புச்சு. பழக்கம்தானே. அவரு தரையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

எதிர்வீட்டு அக்கா லாரி மேல ஏறி உக்காந்துட்டாங்க. மேலயிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாங்க. அவங்க குரலை நான் அப்பத்தான் முதல் தடவை கேட்டேன்.

"அண்ணே, இது வருமா?"

பெரியப்பா தலை நிமிரல. "எனக்குத் தெரியாதும்மா. நான் சொல்றது எதுவும் சரியா வர்றதில்ல."

"அன்னிக்கு வராதுன்னு சொன்னீங்க, வந்துச்சு. இப்போ வரும்னு சொன்னீங்க, வரல. ரெண்டையும் பட்டுத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான் அண்ணே. இதுல நனைஞ்சுட்டு வீட்டுக்குப் போறேன். நனைஞ்சா காஞ்சுடும். அவ்ளோதானே? நீங்க பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துடாதீங்க. தப்பாவே சொல்லுங்க. நூறு தடவை தப்பா சொல்லுங்க. நான் ஏறி உக்காந்துக்கறேன்."

பெரியப்பா துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு நின்னாரு, முதுகு குலுங்குச்சு. பெரியவங்க அழுது நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல, எனக்கும் அழுகையா வந்துடுச்சு. அப்புறம் துண்டை எடுத்துட்டு, மெதுவா தலையைத் தூக்கி, கெழக்கால வானத்தை ரொம்ப நேரம் பார்த்தாரு. லாரி என்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஐஸ்காரர் ஒரு ஹாரன்கூட அடிக்கல.

"ரெண்டு நாள் போகட்டும்மா"ன்னாரு பெரியப்பா. "பார்த்துட்டுச் சொல்றேன்."

லாரி தெரு முனை திரும்பற வரைக்கும் அப்பா வாசல்ல நின்னாரு. உள்ள வந்தவரு, எங்க மூஞ்சியைப் பார்க்காம, "அரிசி இன்னொரு மூட்டை சொல்லி வெச்சுடு"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. அப்புறம் மாடிப்படி ஏறிப் போயி, வீட்டுக்காரர்கிட்ட இந்தத் தடவை நெசத்தையே சொல்லிட்டு வந்தாரு.

வந்தாங்களான்னுதானே கேக்கறீங்க? அஞ்சாம் நாளே வந்தாங்க. இருபத்தி மூணு பேரு. புயலுதான் வரல.